மூன்று சோத்துத் தட்டு

அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்தில் பைத்தானை முதல் பருவத்திலேயே வைத்தது. அதில் ஹனோய் கோபுரம்: 1883இல் பிரான்சில் பிறந்த புதிர். கூட ஒட்டிய கதையில் காசிக் கோயில் பிராமணர்கள் 64 தங்கத் தட்டுகளை இடம் மாற்றுகிறார்கள்.

எங்க சேரிப் பொண்ணு நிரலைப் பிசகாமல் ரெக்கார்டு நோட்டில் எழுதியிருந்தாள்.

"இது என்னம்மா பண்ணுது?"

"தெரியாதுக்கா, மனப்பாடம். கேட்டா திட்டுவாங்க."

அர்த்தம் கேட்காதே, ஓது. இது கணினிக் கல்வியா, வேதபாடசாலையா?

தமிழ் எம்.ஏ. படித்த நான் அவளோடு உட்கார்ந்து சோத்துத் தட்டு மூன்றை அடுக்கினேன். இடமும் மூன்று. ஒருதரம் ஒன்றுதான், சின்னதன் மேல் பெரியது கூடாது. மேலிரண்டை ஒதுக்கு, அடித்தட்டை நகர்த்து, இரண்டையும் அதன்மேல் ஏற்று. இரண்டை மாற்றவும் அதே வழி. ஏழு நகர்த்தலில் முடிந்தது.

"அவ்ளோதானாக்கா? தன்னையே கூப்பிட்டுக்குது!"

நாளைக்கு அரியர் விழுந்தால் இடஒதுக்கீட்டைக் காட்டித் 'தகுதியில்லை' என்பார்கள். விளக்காத வகுப்பறையின் தகுதியை யார் அளப்பது?