கரி எஞ்சினுக்கு 90 மைல் வேகம் எதற்கு?

2018 ஏப்ரல் 14ஆம் தேதி லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க் நகருக்கு ஒரு சுற்றுலா ரயில் கிளம்பியது. இழுத்துப் போனது ‘டொர்னேடோ’ என்ற நீராவி எஞ்சின். பிரிட்டனின் பிரதான பாதைகளில் ஓடும் நீராவி எஞ்சின்களுக்கு உச்ச வேகம் பொதுவாக மணிக்கு 75 மைல் (121 கி.மீ.). டொர்னேடோவுக்கு மட்டும் அன்றைக்கு 90 மைல் (145 கி.மீ.) வரை போக அனுமதி கிடைத்திருந்தது. ஏறியவர்களில் பாதிப் பேர் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ரயில் பித்தர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருத்தன்தான்.

யார்க் போய்ச் சேரவில்லை. பெட்ஃபோர்ட்ஷயரில் சாண்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் எஞ்சினின் அடியில் உடைந்தது. இரண்டு சட்டங்களுக்கு நடுவே மறைந்திருக்கும் மூன்றாவது சிலிண்டரின் வால்வை இயக்கும் பாகங்கள் நொறுங்கியிருந்தன. யாருக்கும் காயமில்லை. எஞ்சின் மட்டும் மாதக்கணக்கில் படுத்துவிட்டது.

இந்த எஞ்சினை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. டொர்னேடோ பழைய எஞ்சினே கிடையாது. ‘பெப்பர்கார்ன் ஏ1’ என்ற வகையில் 1940களின் கடைசியில் 49 எஞ்சின்கள் கட்டினார்கள். 1966க்குள் ஒன்று விடாமல் உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். ஆர்வலர்கள் பணம் திரட்டி, சுமார் 30 லட்சம் பவுண்டு செலவில், ஐம்பதாவதைப் புதிதாகவே கட்டி 2008இல் முடித்தார்கள். பாய்லர் ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறையில் செய்தது. புது இரும்பு, புது வெல்டிங். 2017 ஏப்ரல் 12 அதிகாலையில், பயணிகள் இல்லாத சோதனை ஓட்டத்தில் 100 மைலைத் தொட்டது. நீராவி வேகத்துக்கு ஆதரவாகச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதனால்தான் இதை வைத்தே கேட்க வேண்டியிருக்கிறது: என்னத்துக்கு 90?

வேகத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. லண்டன்–யார்க் பாதையில் மற்ற ரயில்கள் 125 மைலில் பறக்கின்றன. நடுவில் 75 மைலில் ஒரு நீராவி ரயில் போனால் பின்னால் வருகிறவை நெருங்கிவிடும். ஆகவே இதை ஓரப் பாதையில் ஒதுக்கி நிறுத்துவார்கள். நாலு ரயில் கடந்த பிறகுதான் விடுவார்கள். இந்தத் தொல்லை வருஷத்துக்கு வருஷம் கூடினால், ஒருநாள் கால அட்டவணையில் உங்களுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். வேகமாக ஓடினால்தான் ஓடவே விடுவார்கள் என்பது அவர்கள் கவலை. வெறும் பெருமைக்காகக் கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லண்டன்–யார்க் 188 மைல். முழுத் தூரமும் 75இல் ஓடினால் 150 நிமிடம். 90இல் ஓடினால் 125. மிச்சம் 25 நிமிடம். அதுவும் காகிதத்தில்தான். கிளம்ப, வேகமெடுக்க, நிற்க ஆகும் நேரத்தைச் சேர்த்தால் இன்னும் குறையும். டொர்னேடோவின் டெண்டரில் பிடிக்கும் தண்ணீர் 6,200 காலன், அதாவது சுமார் 28,000 லிட்டர். நூறு மைலுக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். அப்புறம் எங்காவது நின்று குழாய் போட்டு நிரப்ப வேண்டும். அரைமணி நேரம் அங்கே போய்விட்டால் மிச்சம் பிடித்தது எல்லாம் அந்தக் குழாயோடு போச்சு. வேகம் கூடக்கூட காற்றின் எதிர்ப்பும் கூடும், தண்ணீரும் கரியும் கூடுதலாகக் குடிக்கும்.

பழைய காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்? 1928இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 393 மைல் நிற்காமலே ஓட்டினார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே நீளத் தொட்டிகள் கட்டி, ஓடும்போதே எஞ்சின் தண்ணீரை அள்ளிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள். டெண்டருக்குள்ளேயே ஒரு குறுகிய நடைவழி வைத்து, பாதி வழியில் புது டிரைவரும் ஃபயர்மேனும் பெட்டியிலிருந்து எஞ்சினுக்கு நடந்து போனார்கள். இன்று அந்தத் தொட்டிகள் ஒன்றுகூட இல்லை. அந்த வேகத்தில் பாதி எஞ்சினுக்குள் இருந்ததே கிடையாது. பாதையில் இருந்தது, ஷெட்டில் இருந்தது.

ஷெட் என்றால் சும்மா நிறுத்தி வைக்கிற இடம் என்று நினைத்துவிடக் கூடாது. டொர்னேடோவின் பெரிய சக்கரத்தின் குறுக்களவு 6 அடி 8 அங்குலம். 75 மைலில் அது நிமிடத்துக்கு 315 முறை சுற்றும். 90இல் 378 முறை. மின்சார மோட்டார் என்றால் அது பெரிய விஷயமே இல்லை. இங்கே கனமான பிஸ்டனும் அதன் தண்டும் ஒவ்வொரு வினாடியும் பன்னிரண்டு தடவைக்கு மேல் நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். அந்த அசைவினால் வரும் உதறல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் உதறல் 44 சதவீதம் கூடுகிறது. மூன்று சிலிண்டர் வைத்தால் அதில் கணிசமான பகுதியை ஒன்றுக்கொன்று சமன்செய்யலாம், ஆனால் ஒவ்வொரு பேரிங்கும் தன் பங்கு அடியைத் தனியாக வாங்கித்தான் ஆகணும். எண்ணெய்ப் படலம் ஓரிடத்தில் அறுந்தால் போதும். சாண்டியில் வேகம்தான் உடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. 60 மைலில்கூட எண்ணெய் போகாத பாகம் உடையும். வேகம் செய்வது வேறு வேலை: கோளாறு தொடங்குவதற்கும் உடைவதற்கும் நடுவே டிரைவருக்குக் கிடைக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

இது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம். 1938 ஜூலை 3ஆம் தேதி ‘மாலர்ட்’ எஞ்சின் ஸ்டோக் இறக்கத்தில் 126 மைல் (203 கி.மீ.) ஓடியது. நீராவிக்கு இன்றுவரை அதுதான் உலக சாதனை. சாதனையைச் சொல்கிறவர்கள் அடுத்த அரைமணியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நடு சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் சூடேறி உருகிப் போச்சு. பீட்டர்பரோ வரை மெதுவாக ஊர்ந்து வந்து அங்கே கழன்றுகொண்டது. அந்த ரயிலை லண்டனுக்கு இழுத்துப் போனது வேறொரு பழைய எஞ்சின். அந்த வகை எஞ்சின்களின் நடு பேரிங்கில் சோம்பு வாசனை கக்கும் ஒரு சிறு குப்பியையே வைத்திருந்தார்கள். சூடு எல்லை மீறினால் வாசனை கிளம்பும், டிரைவர் மூக்கால் தெரிந்துகொள்வார். வடிவமைத்தவர்களுக்கே அந்த இடத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆனால் மாலர்ட்டுக்கு டான்காஸ்டர் பட்டறை இருந்தது. சில நாட்களில் பேரிங்கை மாற்றி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வகையில் வேறு எஞ்சின்கள் இருந்தன, உதிரிபாகங்கள் அலமாரியில் இருந்தன, தினமும் அதே பேரிங்கைத் தடவிப் பார்த்துத் தேய்மானம் சொல்லக்கூடிய ஃபிட்டர்கள் இருந்தார்கள். டொர்னேடோவுக்கு உலகத்தில் ஜோடி கிடையாது. உடைந்த பாகத்தைப் புதிதாகச் செய்துதான் ஆகணும்.

இன்னொரு பயம் எஞ்சினுக்கு வெளியே. 2015 மார்ச் 7ஆம் தேதி, ‘டாங்மீர்’ என்ற நீராவி எஞ்சின் இழுத்த சுற்றுலா ரயில் வூட்டன் பாசெட் சந்திப்பில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய்ப் பாதைகளின் குறுக்கே நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குச் சற்று முன்புதான் ஒரு அதிவேக பயணிகள் ரயில் அந்த இடத்தைக் கடந்திருந்தது. தானாக பிரேக் போடும் பாதுகாப்புக் கருவியை எஞ்சினில் இருந்தவர்களே முடக்கியிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த ரயில் 90இல் ஓடவில்லை. அப்படியிருந்தும் இந்த நிலை. வேகம் 75இலிருந்து 90 ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலும் அதே 44 சதவீதம் கூடும்.

அமெரிக்காவில் 1986 மே மாதம் வர்ஜீனியாவின் சதுப்புநிலப் பகுதியில் 611 எண் எஞ்சின் இழுத்த சுற்றுலா ரயில் தடம்புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பழுது பாதையில், எஞ்சினில் இல்லை. இருந்தும் ரயில்வே கம்பெனி அதற்குப் பிறகு நீராவிச் சுற்றுலா ரயில்களை 40 மைலுக்கு இறக்கியது. அது ரொம்பவே குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன். பயத்தில் எடுத்த முடிவு. 40இல் ஓடும் ரயிலுக்கு லண்டன்–யார்க் மாதிரிப் பாதையில் யாரும் இடம் தர மாட்டார்கள்.

நீராவியில் வேகமே கூடாது என்றும் இல்லை. கிழக்கு ஜெர்மனியில் 1961இல் உருவான ‘18 201’ எஞ்சின் 180 கி.மீ. வேகத்துக்குக் கட்டப்பட்டது. புதுப் பெட்டிகளை அதிவேகத்தில் இழுத்துச் சோதிப்பதுதான் அதன் வேலை. கூடவே ஒரு சோதனை நிலையமும் அதன் ஆட்களும் இருந்தார்கள். அங்கே வேகத்துக்கு ஒரு வேலை இருந்தது. சுற்றுலா ரயிலில் அந்த வேலை எது? ஜன்னல் வழியாகப் புகையையும் வயல்களையும் பார்க்க வந்தவருக்கு 15 மைல் கூடினால் என்ன கூடுதலாகத் தெரியும்?

எனக்கு யாராவது டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் 75 மைல் ரயிலுக்கே கேட்பேன். தண்ணீர் பிடிக்க நிறுத்தும் இடத்தில் எஞ்சின் பக்கம் போய் நிற்பேன். அந்த அரைமணியில் டிரைவர் எண்ணெய்க் கேனோடு சக்கரங்களுக்கு நடுவே குனிந்து, நடு சிலிண்டர் பக்கம் கையை நீட்டிச் சூடு பார்ப்பார்.