கம்போங் மேடானும் நனவிலி மனமும்: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒருவர் திடீரெனச் சினங்கொள்வதற்கும் அஞ்சி நடுங்குவதற்கும் அவரே அறியாத காரணம் அவர்தம் உள்ளத்தில் உறைந்திருக்கக்கூடும் என்பது உளவியல் நமக்குத் தந்த அறிவு. சிக்மண்ட் பிராய்டு இதனை நனவிலி மனம் என்னும் கருத்தாக்கமாக வளர்த்தெடுத்தார். தமிழ்த் திறனாய்விலும் இச்சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கதைமாந்தரின் வன்சினத்திற்கு விளக்கம் வேண்டும்போது 'ஆழ்மனத்தின் வெளிப்பாடு' என்று எழுதி அமைகிறோம். இவ்விளக்கம் தனிமனிதருக்குப் பொருந்தலாம். ஒரு குடியிருப்பே கொந்தளிக்கும்போதும் இது போதுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. கம்போங் மேடான் நிகழ்வை இதற்குக் களமாகக் கொள்கிறோம்.

நிகழ்வும் விளக்கங்களும்

2001 மார்ச்சு மாதம் பெட்டாலிங் ஜெயாவில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரத்தில் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. அருகருகே நிகழ்ந்த ஒரு திருமணமும் ஓர் இறப்புச் சடங்கும் பூசலுக்குத் தொடக்கமாயின என்று செய்திகள் கூறின. சில நாள்களில் ஆறு உயிர்கள் பறிபோயின. இறந்தோருள் பெரும்பாலோர் இந்தியர்.

காரணத்தின் சிறுமைக்கும் விளைவின் கொடுமைக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியை நிரப்பவே உளவியல் விளக்கங்கள் முன்வருகின்றன. மலாய்ச் சமூகத்தைப் பற்றிப் பேசுவோர் 'அமோக்' என்னும் சொல்லை நாடுவர். குடியேற்றக்கால மருத்துவர்கள் அதனை ஒரு மனநோயாகக் கருதி எழுதினர். மகாதீர் முகமது 1970இல் வெளியிட்ட 'மலாய் டிலெமா' நூலில் அதனை மலாய்க்காரரின் இயல்போடு இணைத்து விளக்கினார். இந்தியரைப் பற்றிப் பேசுவோர் மதுவையும் குண்டர் கும்பலையும் சுட்டுவர். இவ்விளக்கங்கள் அனைத்திற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: அவை வரலாற்றை இயற்கையாக மாற்றிவிடுகின்றன. ஓர் இனத்தின் குருதியிலேயே சினம் ஊறியுள்ளது என்றாகிவிட்டால், காரணம் தேடும் கடமை எவருக்கும் இல்லாமற் போகும். யுங்கின் கூட்டு நனவிலிக் கருத்தும் இங்கு உதவாது. அது மானுடத்திற்குப் பொதுவான தொல்படிமங்களைப் பற்றியது. ஒரு வட்டாரத்தில் சேர்ந்த கசப்பைப் பற்றியதன்று.

தொல்காப்பியர் காட்டும் நெறி

தொல்காப்பியர் உணர்வை வேறு வகையில் அணுகுகிறார். மெய்ப்பாடு உடலின்வழி வெளிப்படுவது. மயிர் சிலிர்த்தலும் கண்ணீர் அரும்பலும் ஒருவர் எண்ணிச் செய்வன அல்ல. அவ்வகையில் மெய்ப்பாடும் நனவின் ஆணைக்கு முழுதும் உட்படாததே. ஆயினும் எண்வகை மெய்ப்பாட்டிற்கும் நந்நான்கு நிலைக்களன்களை அவர் வகுத்துள்ளார். வெகுளிக்குக் களன் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. அச்சத்திற்குக் களன் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. உறுப்புக்கு ஊறு, குடிக்குக் கேடு, அலைக்கழிப்பு, உயிர்க்கொலை ஆகிய நான்கும் புறத்திலிருந்து ஒருவரை வந்தடைவன. சினம் உள்ளே எழினும் அதன் களன் வெளியே உள்ளது.

இன்றைய நரம்பியலும் இதற்கு மாறானதன்று. மூளையின் அமிக்டலா பகுதி, நனவு அறியுமுன்னரே உடலை எதிர்வினைக்கு ஆயத்தமாக்க வல்லது என்பதை ஜோசப் லெடூ போன்றோரின் ஆய்வுகள் காட்டின. எனினும் எதனை அச்சுறுத்தலாகக் கொள்வது என்பதைப் பெரிதும் பட்டறிவே கற்பிக்கிறது.

கம்போங் மேடானின் பட்டறிவு யாது? ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயங்களை இழந்த இந்தியக் குடும்பங்கள் பல கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளை வந்தடைந்தன. வேலை தேடிவந்த ஏழை மலாய்க் குடும்பங்கள் அவர்களுக்கு அண்டையராயின. நிலவுரிமையற்ற வீடும் இடநெருக்கடியும் வெளியேற்றம் பற்றிய கவலையும் இருசாராருக்கும் பொது. குடிகோளும் அலையும் அன்றாடமாகிவிட்ட இடத்தில், அண்டையாரின் சிறுசெயலும் பெருந்தீங்கின் அறிகுறியாகத் தோன்றும். தம் இறையை அஞ்சுவோர் தம் வெகுளியை அவ்விறைமேல் செலுத்த இயலாது. அது அருகிலிருப்பவர்மேல் பாயும். பிராய்டு இடப்பெயர்ச்சி என்று விளக்கியதும் இதனோடு ஒத்ததே.

தணிக்கையும் மறதியும்

நினைவுகூரப்படாதது செயலாக மீண்டும் நிகழ்த்தப்படும் என்பது பிராய்டு 1914இல் எழுதிய கட்டுரையொன்றின் மையக் கருத்து. இந்நிகழ்வைக் குறித்துக் கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' என்னும் நூலை உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு 2006இல் தடைசெய்தது. பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தடையை உறுதிசெய்தது. கனவு பற்றிய நூலில் பிராய்டு மனத்தின் செயலொன்றை விளக்கத் 'தணிக்கை' என்னும் சொல்லை அரசியலிலிருந்து கடன் வாங்கினார். இங்கோ உவமை தன் பிறப்பிடத்திற்கே திரும்பிவிட்டது. எனவே இந்நிகழ்வு நம் நினைவில் மங்கியிருப்பதை நனவிலியின் வேலை என்று மட்டும் கூறுவது பிழை. மனம் தானே அமுக்கிக்கொள்வது வேறு. பேச்சு தடுக்கப்படுவது வேறு.

பழம்புண்ணைக் கிளறலாகாது என்பாரும் உளர். அவர்தம் அக்கறையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2001க்குப் பின் பிறந்தோர் இன்று நம் வகுப்பறைகளில் உள்ளனர். காரணம் சொல்லப்படாத எச்சரிக்கையாக மட்டும் அந்நிகழ்வு அவர்களை எட்டுமாயின், அச்சம் களனின்றி நிற்கும். களனறியா அச்சம் எவர்மேலும் படியும்.

முடிவுரை

நனவிலி மனத்தைத் திறனாய்விலிருந்து விலக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. அஃது உணர்வின் வேகத்தை விளக்கும். அதன் திசையை விளக்க நிலைக்களன் வேண்டும். மலேசியத் தமிழ்ப் புனைவில் வரும் சினத்தையும் அச்சத்தையும் கற்பிக்கும் ஆசிரியர், 'இது ஆழ்மனத்தின் வெளிப்பாடு' என்று நிறுத்தாமல், 'இவ்வெகுளிக்குக் களன் நான்கனுள் எது? அதனை விளைத்தவர் யார்?' என்று மாணவரை வினவச் செய்தல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கப் பழகியவர் அண்டை வீட்டாரின் சினத்திற்கும் ஒரு களன் இருப்பதைக் காண்பர்.