விம் இறங்கும்போது திரையை வாசியுங்கள்

பழவேற்காட்டுக் குப்பத்து வீட்டில், பீரோ மேல் பழைய அரசு லேப்டாப் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது அது. பழைய பதிப்பு இனி உதவாது. புதிய டெபியனை ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு டெர்மினலைத் திறந்து, ‘சுடோ ஆப்ட் அப்டேட்’, அடுத்து ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்’.

பலர் இந்த இடத்தில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். போகாதீர்கள். ஓடும் ஒவ்வொரு வரியும் உங்கள் கணினியில் என்ன மாறுகிறது என்று சொல்லிக்கொண்டே போகிறது.

முதலில், கேள்வி. நீங்கள் கேட்டது விம் என்ற உரைத்திருத்தி. கூடவே அதன் துணைப் பொதியான ‘விம்-ரன்டைம்’ வரும் என்கிறது, பொதிகளை நிறுவும் ஆப்ட். எத்தனை எம்பி இறங்கும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, சம்மதமா என்று கேட்டு நிற்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர் கணக்குப் பார்த்துவிட்டு ‘ஒய்’ தட்டலாம்.

அடுத்து, பூட்டு. சில நேரம் பூட்டு கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். பழவேற்காடு ஏரியில் மீனவர்களின் பாடு முறை தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும்: அந்த இடத்தில் அன்று யாருக்கு முறையோ அவர்தான் வலை கட்டலாம். அதுபோல இங்கே பின்னணியில் வேறு அப்டேட் ஓடுகிறது, முடியட்டும். அவசரப்பட்டுப் பூட்டுக் கோப்பை அழித்தால் பொதிக் கணக்கே குழம்பிவிடும்.

பிறகு, வரிசை. ரன்டைமை முதலில் அமைத்துவிட்டுத்தான் விம்மை அமைக்கும். எது எதை நம்பி நிற்கிறதோ அந்த ஒழுங்கு மாறாது. கடைசியில் ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ என்று சில வரிகள் வரும். ‘வி’ என்று தட்டினால் இனி எந்த நிரல் திறக்க வேண்டும் என்று அங்கேதான் முடிவாகிறது.

இனி ‘விம்’ என்று மட்டும் தட்டுங்கள். சில முறை திறந்து மூடினால், ஒரு தடவையாவது உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி தெரியும். 1991இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலனார் அதற்கு விலை வைக்கவில்லை. மனமிருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். 2023இல் அவர் மறைந்த பிறகும் வேண்டுகோள் திரையில் இருக்கிறது. எச், ஜே, கே, எல் விசைகளில் கர்சர் நகர்வதற்கும் கதை உண்டு. 1976இல் பில் ஜாய், விம்முக்கு முன்னோடியான ‘வி’யை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகள் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன.

இப்போது ‘விம் ஊர்’ என்று ஒரு கோப்பைத் திறங்கள். ‘ஐ’ விசையைத் தட்டி, தமிழில் ‘பழவேற்காடு’ என்று எழுதுங்கள். எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ, என்டர். சேமித்து வெளியேறும்போது அடியில் ஒரு வரி, 31 பைட் என்று காட்டும். நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடுக்கு, உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால், பத்துக் குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். வரி முடிவுக்கு ஒன்று. உங்கள் ஊர்ப் பெயரையும் எழுதி, சேமிக்கும் முன்பே கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.