நிழலும் சாயமும்: கெய்ரோவின் உருவப்படக் கலை பற்றி

ஒளிப்படம், நிழற்படம் என இரு சொற்கள் தமிழில் ஒரே பொருளுக்கு வழங்குகின்றன. இவற்றுள் இரண்டாவது சொல், அதை ஆக்கியோர் அறியாமலேயே, எகிப்திய மார்க்கத் தீர்ப்பு ஒன்றோடு ஒத்துப்போகிறது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ, ‘அல்ஜவாபுஷ் ஷாஃபீ’ எனத் தொடங்கும் தலைப்பில் ஒரு சிறு நூல் எழுதினார். காமிரா புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதில்லை, இறைவன் முன்பே படைத்துவிட்ட உருவத்தின் நிழலைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே என்பது அவர் வாதம். ‘ஹப்ஸுழ் ழில்’, அதாவது நிழலைச் சிறைப்படுத்தல், என்பது இவ்வாதத்திற்கு வழங்கும் பெயர். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் இதை ஏற்கவில்லை. கருவி மாறினால் சட்டம் மாறிவிடாது என்றனர். அந்த வழக்கைத் தீர்த்துவைக்க நாம் இங்கு முற்படவில்லை. நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. நாம் விளங்கிக்கொள்கிறபடி, ஷைகு பகீதின் வாதத்திற்கு அச்சாணி, படத்தை ஆக்குவது மனிதக் கையன்று, ஒளியே என்பதுதான். அப்படியாயின், சிறைப்பட்ட அந்நிழலின் மேல் ஒரு கை தூரிகையோடு வந்து கன்னத்திற்குச் செம்மையும் உடைக்குப் பச்சையும் பூசினால் அதை என்னவென்பது?

ஒளிப்படம் பற்றி நம் ஏடுகளில் எழுதுவோர் இப்னுல் ஹைஸமின் இருட்டறையிலிருந்து தொடங்கி, பெருமிதத்தோடு அங்கேயே முடித்துவிடுவது வழக்கம். அவரிடம் நமக்கு வேண்டியது இருட்டறையன்று. ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் கண்ணுக்குப் புலனாகும் தன்மைகளை இருபத்திரண்டாக வகுக்கும் அவர், ஒளியும் நிறமும் மட்டுமே வெறும் புலனுணர்வால் அறியப்படுபவை என்கிறார். தூரம், உருவம், அழகு முதலிய மற்றவற்றை அறியப் பகுத்தறியும் ஆற்றலின் துணை வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படம் அந்த இரண்டில் ஒன்றை முற்றாகத் துறந்துவிடுகிறது. கையால் வண்ணமிட்ட படமோ, ஒளியைச் சூரியனிடமிருந்தும் நிறத்தை ஒரு மனிதனின் நினைவிலிருந்தும் பெறுகிறது. ஒன்று நேரில் கண்ட சாட்சி. மற்றது கேட்டுச் சொல்லும் அறிவிப்பு.

இது அணி நயத்திற்காகச் சொன்னதன்று. தொழிலே அப்படித்தான் நடந்தது. படம் எடுப்பவர் ஒருவர், வண்ணமிடுபவர் வேறொருவர் என்பது பல நிலையங்களில் வழக்கம். உட்கார்ந்தவரின் கண் நிறம், துணியின் நிறம் ஆகியவற்றைக் குறித்துவைத்த சீட்டே வண்ணக்காரருக்கு ஆதாரம். வெள்ளிப் படத்தைப் பழுப்பேற்றிக்கொண்டால் தோலின் நிறம் இயல்பாக அமையும். பளபளப்பில்லாத தாளில் எண்ணெய் வண்ணத்தைப் பஞ்சால் தேய்த்து மெலிதாக்கினால் அடியிலுள்ள ஒளியும் இருளும் மறையாமல் தெரியும். இக்கலை ஒளிப்படத்தோடு கூடவே பிறந்தது. 1839இல் டாகேரின் முறை வெளியானபின் சுவிட்சர்லாந்தின் ஐசன்ரிங் என்னும் ஓவியர் வண்ணப்பொடியைக் கருவேலப் பிசினோடு கலந்து படத்தகடுகளின் மேல் இட்டார். அப்பிசினை ஐரோப்பியர் அரபுப் பிசின் என்பர்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். கறுப்பு வெள்ளைப் படம் மத்னு. வண்ணம் ஹாஷியா. நல்ல ஹாஷியா மூலத்தை வாசிக்கவிட்டு ஓரத்தில் நிற்கும். மோசமானது மூலத்தின் மேலேயே ஏறி எழுதும். ஆசிய, ஆப்பிரிக்க நகரங்களின் நிலையங்களில் வண்ணக்காரர் கை மாநிறத்தவரை வெளுக்கச் செய்ததைக் கலைக்குறை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட நமக்கு மனமில்லை. சாம்பல் நிறத்தின் படிகளில் அம்மனிதரின் தோல் உண்மையாகவே பதிவாகியிருந்தது. அதன் மேல் பூசப்பட்டது பொய் அறிவிப்பு. பேரப்பிள்ளைகள் அதைத்தான் பாட்டனாரின் முகம் என்று நம்புகிறார்கள்.

கெய்ரோவின் உருவப்படக் கலை பெரிதும் ஆர்மீனியர் கையில் இருந்தது. அல்பான், அர்மாந் ஆகியோர் அவ்வரிசையில் வந்தவர்கள். அவர்களுள் நம் மதிப்பில் முதல்வர் வான் லியோ. லெவோன் போயாஜியான் என்பது இயற்பெயர். 1921இல் துருக்கியில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு எகிப்து வந்தவர். 1941இல் சகோதரர் ஏஞ்சலோவுடன் வீட்டிலேயே தொழில் தொடங்கி, 1947இல் ஃபுஆத் சாலையில் தனி நிலையம் கண்டார். 1998இல் தம் சேகரத்தைக் கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். 2000இல் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் விருது பெற்று, 2002இல் மறைந்தார். வண்ணப் படச்சுருளின் வருகை அவருக்கு உவப்பாயில்லை.

1950இல் அவர் எடுத்த டாக்டர் தாஹா ஹுஸைனின் படம் புகழ்பெற்றது. ‘அல்அய்யாம்’ நூலை வகுப்பில் பாடமாகப் படித்தவர்கள் நம்முள் பலர். இளமையிலேயே பார்வையிழந்து, அஸ்ஹரில் ஓதி, அவ்வாண்டில் கல்வி அமைச்சரான அம்மனிதர் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிறார். முகத்தில் விளக்கொளி. சுற்றிலும் இருள். தம் படத்தைத் தாம் ஒருபோதும் பார்க்க இயலாத ஒருவரை ஒளியைக்கொண்டு எழுதவேண்டிய நிலை ஒளிப்படக்காரருக்கு. ஒளி அவர் மேல் விழுகிறது, அவருக்குள் செல்லவில்லை. இதைச் சொல்ல வான் லியோவுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. இப்படத்திற்கு யாரேனும் வண்ணமிட முனைந்திருந்தால் என்னாகும்? வண்ணக்காரர் முதலில் தேடுவது கண்ணை. இங்கோ கண் மூடப்பட்டிருக்கிறது. எஞ்சுவது கழுத்துப்பட்டியும் உதடும்தான். சில மத்னுகள் ஹாஷியாவை ஏற்பதில்லை.

ஆயினும் வான் லியோவின் கறுப்பு வெள்ளை, கைபடாத ஒளி என்று எண்ணிவிடலாகாது. விளக்குகளை இடம் மாற்றி மாற்றி நிழலை அவரே அமைத்தார். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் சுருக்கங்களைத் திருத்துவது அக்காலத்தில் எல்லா நல்ல நிலையங்களிலும் நடந்தது. கை முதலிலிருந்தே அங்கு இருக்கிறது. வண்ணமிட்ட படம் அதை மறைக்காமல் காட்டிவிடுகிறது. இந்த அளவில் நாம் வண்ணக்காரரின் பக்கமே நிற்போம்.

1972இல் கெய்ரோவில் பிறந்தவரும் வான் லியோவை அறிந்தவருமான யூசுஃப் நபீல், வண்ண ஒளிப்படம் உலகெங்கும் மலிந்துவிட்ட பின்னர், வெள்ளிப் படங்களை எடுத்துத் தம் கையாலேயே வண்ணமிடுகிறார். பழைய எகிப்தியத் திரைப்படங்களும் கையால் வண்ணமிட்ட குடும்பப் படங்களும் அவருக்கு ஊற்று. நடிகர்களையும் பாடகர்களையும் எடுத்தவற்றில் நமக்கு முழு நிறைவில்லை. தோல் பீங்கான்போல் வழுவழுத்து, ஒரு காலத்திற்கான ஏக்கமே அம்மனிதரைவிடப் பெரிதாகி நிற்கிறது. தன்னுருவப் படங்கள் வேறு வகை. பலவற்றில் அவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், ஊர்விட்டு ஊர் செல்பவராக. தீட்டுவதற்கு அங்கே முகமில்லை. வானமும் நீரும் ஆடையும்தான் வண்ணம் பெறுகின்றன. கைத்தொழிலாக உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, செய்தே ஆகவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள் என்று அவர்கள் வழிகாட்டியதாக புகாரீயில் வருகிறது. நபீல் அதை எண்ணிச் செய்தார் என்று நாம் சொல்லவரவில்லை. 2008இல் லாஸ் ஏஞ்சலஸில் எடுத்த ஒரு படத்தில் மரமொன்றின் பெருத்த வேர்களுக்கிடையே அவர் கிடக்கிறார். நம் கண் முதலில் செல்வது வேர்களுக்கு. அதன்பிறகே மனிதருக்கு.