லேசான ராடும் சென்னைக் காற்றும்

பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் முன்பெல்லாம் தூண்டில்காரர் என்றால் 12 அடி ஃபைபர் கிளாஸ் ராடு, ஈயக்குண்டு, கொக்கியில் இறால் அல்லது மத்தித் துண்டு. தூக்கி எறிந்துவிட்டு ராடை மணலில் நட்டு, மீன் வரும்வரை காத்திருப்பார்கள். இன்று அதே கரையில் எட்டரை அடி கார்பன் ராடும், லூர் எனப்படும் விரல் நீளப் போலி இரையும் வைத்துக்கொண்டு, எறிவதும் இழுப்பதுமாக நடந்துகொண்டே இருக்கும் ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது. இந்த மாற்றம் நல்லது என்றே நான் கருதுகிறேன். ஆனால் ராடு வாங்கும் முறை சரியில்லை. கடையில் ராடைக் கையில் தூக்கிப் பார்த்து, ‘லேசா இருக்கு’ என்பதையே முடிவாக்கிக்கொள்கிறோம். பார்க்க வேண்டிய எடை ராடின் எடை அல்ல, அது எறியும் லூரின் எடை. அதை முடிவு செய்வது நம் ஊர்க் காற்றும் அலையும்தான்.

இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய புகழ்பெற்ற பழைய நூலான ‘தி ராட் இன் இந்தியா’ 1873-ல் வந்தது. எழுதியவர் மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். அவர் காலத்து ராடுகள் மூங்கிலும் மரமும். கார்பன் ஃபைபர் ராடுகள் கடைக்கு வந்தது 1970-களில். அந்த இழை, ஃபைபர் கிளாஸைவிடக் குறைந்த எடையில் அதிக விறைப்பைத் தந்தது. இன்று நாம் கடற்கரையில் பயன்படுத்தும் லேசான லூர் ராடுகளில் பல, ஜப்பானில் ‘சீபாஸ்’ மீனுக்காக வளர்ந்த அச்சில் செய்யப்பட்டவை. ராடின் அடிப்பகுதியில் ‘86 எம்.எல்.’ என்று எழுதியிருந்தால் 8 அடி 6 அங்குலம், மீடியம் லைட் என்று பொருள். அத்தகைய ராடு பெரும்பாலும் 6 முதல் 28 கிராம் வரை எறியும். துறைமுகங்கள், ஆற்று முகங்கள், அமைதியான விரிகுடாக்கள் என்று அலை அடங்கிய பல இடங்களில் ஜப்பானியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் கரையோ திறந்த வங்கக்கடல்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். லூர் எறிவது உடல் உழைப்பு. ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான முறை எறிய வேண்டியிருக்கும். 12 அடி ஃபைபர் ராடில் இதைச் செய்தால் அரை மணி நேரத்தில் தோள் சோர்ந்துவிடும். 150 கிராம் அளவிலான ராடும் 3000 அல்லது 4000 அளவு ரீலும் இருந்தால் மணிக்கணக்கில் எறியலாம். நிறைய எறிகிறவருக்குத்தான் மீன் கிடைக்கிறது.

இரண்டாவது நிறை உணர்வு. லூர் மணலைத் தட்டுவதும், சின்ன ஷீலா வாலை மட்டும் கடித்துவிட்டு விலகுவதும் கார்பன் வழியே விரலுக்கு வந்துசேரும். மூன்றாவது, இரையின் அளவு. நம் கரையோரம் பாரையும் கொடுவாவும் துரத்துவது நெத்திலி, மத்தி, சின்ன மடவை. 10 முதல் 20 கிராம் லூர்கள் அந்த அளவுக்கே பொருந்துகின்றன. அவ்வளவு சிறிய எடையைக் கனமான ராடில் எறிய முடியாது. ராடு வளைந்து நிமிரும்போதுதான் லூருக்கு வேகம் கிடைக்கிறது. 10 கிராம், 80 கிராமுக்காகச் செய்த ராடை வளைக்கவே வளைக்காது.

இனி குறைகள். பெரிய குறை காற்று.

சென்னையில் கோடை நாளின் காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். எறிகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும் அந்தக் காற்றில் 12 கிராம் லூரும் நன்றாகப் பறக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பியதும் நிலைமை தலைகீழ். அதே லூர் பாதி வழியில் நின்று விழுகிறது. காற்று நூலை வில்லாக வளைத்துவிடுவதால் மீன் கடித்ததுகூடத் தெரிவதில்லை. நூலை மெல்லியதாக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். பிரெய்டு நூலில் பி.இ. 1 என்பது 0.165 மில்லிமீட்டர் தடிமன். ஏறக்குறைய அதே பலமுள்ள தங்கூசி நரம்பு அதைப்போல் இரு மடங்கு தடிமனாக இருக்கும். காற்றுக்கு எதிராக ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், ராடைவிட நூலுக்குச் செலவு செய்வதே பலன் தரும்.

வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சிக்கல் முற்றுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று முகத்தில் அடிக்கும், கடல் கலங்கிக் கிடக்கும். அதே மாதங்களில்தான் மழைவெள்ளம் அடையாற்று முகத்துவார மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கிறது. ஆற்றிலிருந்து அடித்துவரப்படும் சிறுமீனைத் தேடிப் பெரிய மீன் கரைக்கு நெருங்குகிறது. ஆசை அதிகமாகும் காலத்திலேயே லேசான ராடு கைவிடுகிறது. அப்போது வேண்டியது 30 கிராமுக்கு மேலான ‘ஜிக்’ எனும் உலோக லூரும் அதை எறியத் தாங்கும் மீடியம் ராடும்.

அடுத்தது நீளம். லேசான ராடுகளில் பல ஏழு அடி, ஏழரை அடி அளவில் வருகின்றன. குளத்துக்கும் கழிமுகத்துக்கும் அது போதும். மெரினாவிலோ எலியட்ஸ் கடற்கரையிலோ போதாது. அங்கே கரையை ஒட்டியே அலை உடைகிறது. நூல் அந்த நுரைக்கு மேலே நிற்க வேண்டும். நுரையில் விழுந்த நூலை நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும், லூர் நீந்தாமல் உருளும். ஒன்பது அடி ராடில் நுனி உயரமாக நிற்பதால் நூல் அலைக்கு மேலே தப்பிக்கிறது. எறியும் வீச்சும் கூடுகிறது. கூடுதல் ஒன்றரை அடிக்காகச் சேரும் சில கிராம் எடை நமக்கு லாபமே. ‘எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது’ என்ற கணக்கு இந்த இடத்திலேயே உடைகிறது.

அடையாற்று முகத்துவாரத்தில் குறை வேறு விதம். 1967-ல் கட்டப்பட்டு 1977-ல் இடிந்த ‘உடைந்த பாலம்’ சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் நடுவே இன்றும் நிற்கிறது. தூணும் இடிபாடும் உள்ள இடம் கொடுவாவுக்குப் பிடித்தமானது. தூண்டிலில் மாட்டிய கொடுவா முதல் சில நொடிகளிலேயே இடிபாட்டுக்குள் பாயப் பார்க்கும். அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது, பிரெய்டு நூலை உரசியதும் அறுத்துவிடும். பிரெய்டின் முனையில் தடித்த லீடர் நரம்பு கட்டாயம். அதோடு மீனைத் திருப்பும் முதுகெலும்பு ராடுக்கு வேண்டும். மீடியம் லைட் ராடு அடிவரை வளைந்துகொடுக்கும், மீனை நிறுத்தாது.

இங்கே வசதியைத் தாண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. கொடுவா ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் பெண். அதைப் படமெடுத்துத் திரும்ப விட்டுவிடுவோம் என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் லேசான ராடில் நெடுநேரம் இழுத்துச் சோர்ந்துபோன மீனை விட்டால் அது பிழைக்கும் என்ற உறுதி இல்லை. மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால் சீக்கிரம் கரைசேர்க்கும் பலமுள்ள ராடுதான் நியாயமானது. லேசான ராடில் போராட்டம் நீள்வதை விளையாட்டுத் திறமையாகக் கொண்டாடும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை.

விளம்பரங்களில் வரும் ‘30 டன்’, ‘40 டன்’ கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். அது ராடு தூக்கும் எடை அல்ல, இழையின் விறைப்பு. டன் கூடக் கூட ராடு மெலிதாகவும் துடிப்பாகவும் இருக்கும். சுவர் மெலிவதால் ஒரு சிறு கீறலையும் தாங்காது. கடற்கரையில் ராடு உடைவதைக் கவனித்தால் பெரும்பாலும் கடைசி அலையில்தான் உடையும். மீன் நுரைக்குள் வந்துவிட்டது, இன்னும் பத்தடி. ஆர்வத்தில் ராடைத் தலைக்கு மேலே தூக்குகிறோம். அந்த நொடியில் அலை பின்வாங்குகிறது. மீனின் எடையோடு ஓடும் நீரின் எடையும் சேர்ந்து நுனிப்பகுதியில் இறங்க, ‘டக்’கென்று ஒரு சத்தம். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. ராடைத் தாழ்வாகப் பிடித்து, நீர் பின்வாங்கும்போது நூலை விட்டுக்கொடுத்து, அடுத்த அலை மீனைத் தூக்கிவரும்போது பின்னோக்கி நடக்க வேண்டும். அலை மீனை மணலில் வைத்துவிட்டுப் போகும்.

கடற்கரையில் நாம் தனியாக இல்லை என்பதும் ராடுத் தேர்வில் சேர வேண்டும். லேசான லூரைத் தூரம் அனுப்ப வேகமாகச் சுழற்றுகிறோம். முக்கொக்கிகள் தொங்கும் லூர் தலைக்குப் பின்னால் பறக்கிறது. மாலை நேரத்து எலியட்ஸ் கடற்கரையில் குழந்தைகளுக்கு நடுவே இதற்கு இடமே இல்லை. விடியற்காலையே சரியான வேளை, காற்றும் அப்போதுதான் நம் பக்கம். குப்பத்துப் படகுகள் ஏறி இறங்கும் இடத்திலும் பெரியவலை இழுக்கும் இடத்திலும் மீனவர்களுக்கே முதல் உரிமை. அறுந்த பிரெய்டு மணலில் கிடந்து மக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் கரை இது. 1988 முதல் மாணவர்கள் இரவுதோறும் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவரும் கரையில் நாம் நூலை விட்டுவிட்டு வரக்கூடாது.

என் பரிந்துரை இது. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இருந்துகொண்டு ஒரே ஒரு ராடு வாங்குகிறவர், ஒன்பது அடி நீளம், 10 முதல் 35 கிராம் வரை எறியும் மீடியம் வகை, நடுத்தர டன் கார்பன், பிரெய்டு அறுக்காத சிலிக்கான் கார்பைடு வளையம் என்று தேடலாம். இரண்டு துண்டாகப் பிரித்தால் நாலரை அடி, ஸ்கூட்டரிலும் பறக்கும் ரயிலிலும் கொண்டுபோகலாம். வீடு திரும்பியதும் குழாய்த் தண்ணீரில் இணைப்பையும் வளையங்களையும் கழுவினால் பல ஆண்டுகள் உழைக்கும். இன்னும் லேசான எட்டரை அடி மீடியம் லைட் ராடு இரண்டாவதாக வாங்க வேண்டியது. நிலக்காற்று வீசும் காலையில், தூண்களிலிருந்து விலகிய திறந்த நீரில், பாரைக்கும் ஷீலாவுக்கும் அதற்கு இணையில்லை. முதல் ராடாக அதை வாங்கினால் நல்ல காலை நேரங்கள் தவிர மற்ற பொழுதெல்லாம் அது நம்மை ஏமாற்றும். கடைக்குப் போகும் முன் எந்த இடம், எந்த மாதம், எத்தனை கிராம் லூர் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் தராசைக் காட்டும்போது உங்கள் கையில் சரியான கணக்கு இருக்கும்.