கோட்டை விட்டது யார்?

குசஸ்தலை ஆறு காய்ந்து கிடக்கும் மாதங்களில் பள்ளிப்பட்டுப் பக்கம் டென்னிஸ் பந்து ஆட்டங்கள் சூடு பிடித்துவிடும். பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை அணிகள் வரும். எல்லை தாண்டி ஆந்திராவின் நகரியிலிருந்தும் பையன்கள் வருவார்கள். இந்த ஆட்டங்களில் எல்.பி.டபிள்யூ பெரும்பாலும் கிடையாது. வைடு தகராறு இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் பவுலர் கையைச் சுழற்றும் முன்பே ரன்னர் எண்டில் இருப்பவர் நாலடி நகர்ந்துவிட, பவுலர் பந்தை வீசாமல் ஸ்டம்பைத் தட்டினால் ஆட்டம் அதோடு நின்றுவிடும். நடுவராக நிற்பவர் பேட்டிங் அணியின் ஆள். "வார்னிங் குடுத்தியா?" என்பார். "ரூல்ஸ்லயே இருக்குண்ணா" என்பான் பவுலர். "இதெல்லாம் ஒரு விக்கெட்டாடா?" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் வரும்.

லார்ட்ஸ் வரைக்கும் போனாலும் இந்தத் தகராறில் இதைத் தாண்டி யாரும் பேசிவிடவில்லை. எச்சரிக்கை, சட்டம், மானம். மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான் நடுவர் உண்மையில் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது மறைந்துபோகிறது.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர், ஐ.பி.எல். பஞ்சாப் எடுத்த 184 ரன்களை ராஜஸ்தான் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு விக்கெட்டுக்கு 108. ஜோஸ் பட்லர் 43 பந்தில் 69 ரன்னோடு ரன்னர் எண்டில் நின்றார். பஞ்சாபின் அஸ்வின் பந்துவீச ஓடி வந்தார், நின்றார், பெயில்ஸைத் தட்டினார். மூன்றாம் நடுவர் புரூஸ் ஆக்ஸன்ஃபோர்டு அவுட் கொடுத்தார். ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. அதற்குப் பிறகு பல நாட்களுக்கு நடந்த பேச்செல்லாம் அஸ்வினின் குணத்தைப் பற்றியதுதான். ஆக்ஸன்ஃபோர்டுக்கு எதிரே இருந்த கேள்வியைப் பெரும்பாலோர் தொடவே இல்லை.

அன்றைய சட்டம் 41.16 சொன்னது இவ்வளவுதான்: பந்து ஆட்டத்துக்கு வந்த நேரம் முதல், பவுலர் வழக்கமாகப் பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கப்படும் நொடி வரை, ரன்னர் கிரீஸுக்கு வெளியே இருந்தால் அவரை ரன் அவுட் செய்யலாம். அந்த 'எதிர்பார்க்கப்படும் நொடி' எது? கையில் ஸ்டாப் வாட்ச் வைத்து அளக்கக்கூடியதல்ல அது. ஜெய்ப்பூர் ஒளிப்பதிவைப் பாருங்கள். அஸ்வின் ஸ்டம்பை நெருங்கும்போது பட்லர் இன்னும் கிரீஸை விட்டுப் போயிருக்கவில்லை. அஸ்வின் நின்ற அந்த இடைவெளியில்தான் வெளியே நகர்கிறார். பந்து போக வேண்டிய நேரத்துக்கு முன்னால் வெளியேறினாரா, பின்னால் வெளியேறினாரா? சட்டத்தை எழுதிய எம்.சி.சி.யே முதலில் முடிவை ஆதரித்துப் பேசியது. மறுபடி பார்த்துவிட்டு, அஸ்வினின் நிறுத்தம் நீண்டுவிட்டது என்று சொன்னது. எழுதியவர்களுக்கே ஒரே வாரத்தில் இரண்டு வாசிப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. அஸ்வின் ஒவ்வொரு பந்தையும் ஒரே தாளத்தில் வீசுகிறவர் அல்ல. ஓடி வந்து ஒரு கணம் தயங்கி, பேட்ஸ்மேனின் கால் அசைவைப் பார்த்துவிட்டு வீசுவது அவருடைய ஆயுதங்களில் ஒன்று. அப்படிப்பட்டவருக்கு 'வழக்கமான' நொடி என்று எதை வைப்பது? என் வாசிப்பில் அன்று கொடுத்த அவுட் விவாதத்துக்குரியது. அஸ்வின் செய்த அப்பீல் விவாதத்துக்குரியதே அல்ல. கேட்பது பவுலரின் உரிமை, சொல்வது நடுவரின் வேலை. இரண்டையும் ஒன்றாக்கி, சட்டப் புத்தகத்தின் மங்கலான வரிக்காக ஒரு பந்துவீச்சாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அநியாயம்.

அந்த மங்கல் பிறகு விலகியது. 2022 அக்டோபர் 1 முதல் இந்த ரன் அவுட் 'நேர்மையற்ற ஆட்டம்' பற்றிய 41-ஆம் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு, ரன் அவுட்டுக்கான 38-ஆம் சட்டத்துக்கு மாற்றப்பட்டது. மூன்று மாதம் கழித்து மெல்போர்னில் பிக் பாஷ் ஆட்டம் ஒன்றில் ஆடம் ஸாம்பா பெயில்ஸைத் தட்டினார். கை உச்சியைத் தாண்டி இறங்கிவிட்டது என்று மூன்றாம் நடுவர் நாட் அவுட் கொடுத்தார். அதையடுத்து எம்.சி.சி. வாசகத்தைத் தெளிவாக்கியது. பவுலரின் கை தன் வழக்கமான வீச்சில் உச்சியைத் தொடும் கணம்தான் அந்த நொடி. அதற்கு முன்பே ரன்னர் வெளியேறியிருந்தாலும், கை உச்சியைத் தொட்ட பிறகு பவுலர் ஸ்டம்பைத் தட்டிப் பயனில்லை. இப்போது நடுவர் பார்க்க வேண்டியது தோளையும் கையையும்தான், பவுலரின் மனசை அல்ல.

எச்சரிக்கை விஷயத்துக்கு வருவோம். சட்டத்தில் எந்த இடத்திலும் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று இல்லை. 1947 டிசம்பர் 13-இல் சிட்னி டெஸ்டில் இந்தியாவின் வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் ஆக்கினார். அதே சுற்றுப்பயணத்தில் முந்தைய ஆட்டமொன்றில் பிரவுனை எச்சரித்தும் இருந்தார். அப்போதைய ஆஸ்திரேலியக் கேப்டன் டான் பிராட்மேன் மன்கட் பக்கம்தான் நின்றார். இருந்தும் முக்கால் நூற்றாண்டு காலம் மன்கடின் பெயர்தான் வசவாகப் புழங்கியது, பிரவுனின் பெயர் அல்ல. 2022 செப்டம்பர் 24-இல் லார்ட்ஸில் தீப்தி சர்மா சார்லி டீனை 47 ரன்னில் அவுட் ஆக்கி இந்தியா தொடரை 3-0 என்று முடித்தபோது, எச்சரித்தோம் என்றார் தீப்தி. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார் இங்கிலாந்தின் ஹெதர் நைட். சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கொடுத்தோமா இல்லையா என்று இரண்டு நாடுகள் சண்டை போட்டன. தீப்தி அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அஸ்வினுக்கு ஜெய்ப்பூர் முதல் முறையும் அல்ல. 2012 பிப்ரவரி 21, பிரிஸ்பேன். இலங்கையின் லஹிரு திரிமன்னே 44 ரன்னில் இருந்தபோது அஸ்வின் பெயில்ஸைத் தட்டி அப்பீல் செய்தார். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு கேப்டன் சேவாக்கிடம், அப்பீலை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். சேவாக் சச்சினிடம் கலந்து பேசிவிட்டு வாபஸ் வாங்கினார். திரிமன்னே 62 எடுத்தார், இந்தியா 51 ரன்னில் தோற்றது. வாபஸ் வாங்குவது கேப்டனின் உரிமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பேட்ஸ்மேன் போல்டு ஆனால் எந்த நடுவரும் கேப்டனிடம் போய், நிஜமாகவே வேண்டுமா என்று கேட்பதில்லை. இந்த ஓர் அவுட்டுக்கு மட்டும் கேட்பதே, பவுலர் ஏதோ தப்புப் பண்ணிவிட்டார் என்று மைதானத்துக்கே சொல்வதாகிவிடுகிறது.

இதே சிக்கலைப் பேஸ்பால் வேறு வழியில் அவிழ்த்திருக்கிறது. அங்கே பேஸில் நிற்கும் ரன்னர் அடுத்த பேஸைத் திருடச் சில அடி தள்ளி நிற்பது ஆட்டத்தின் அங்கம். பந்து எறியும் பிட்சர் திடீரென்று அந்தப் பேஸுக்கு எறிந்து அவரை அவுட் ஆக்குவதும் ஆட்டத்தின் அங்கம்தான். யாரும் யாரையும் மானங்கெட்டவர் என்று சொல்வதில்லை. ஆனால் பிட்சருக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. பேட்டரை நோக்கி எறியும் அசைவைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் 'பாக்' என்று நடுவர் கை தூக்குவார், பேஸில் உள்ள ரன்னர்கள் எல்லாரும் ஒரு பேஸ் இலவசமாக முன்னேறுவார்கள். 2023-இல் அமெரிக்க மேஜர் லீக் இன்னும் ஒரு படி போனது. ஒரு பேட்டர் ஆடும்போது பிட்சர் இரண்டு முறைதான் பேஸுக்கு எறியலாம். மூன்றாவது முறை எறிந்து அவுட் ஆக்காவிட்டால் அதுவும் பாக்.

அஸ்வின் ஜெய்ப்பூரில் செய்ததைப் பேஸ்பால் மைதானத்தில் செய்திருந்தால் நடுவர் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்திருப்பார். அங்கே அசைவு தொடங்கும் இடத்தில் கோடு, இங்கே கை உச்சிக்குப் போகும் இடத்தில் கோடு. இரண்டில் கிரிக்கெட்டுக்குக் கிரிக்கெட்டின் கோடே சரி என்பது என் கருத்து. பேஸ்பாலில் பேஸை விட்டு நகர்வது ரன்னரின் உரிமை, அதனால் அவரைப் பிட்சரின் ஏமாற்றிலிருந்து காக்க வேண்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் பந்து கையை விட்டுப் போகும்வரை உள்ளே நிற்பதால் ரன்னர் எதையும் இழப்பதில்லை. முன்னே நகர்ந்து அவர் எடுக்கும் ஒவ்வொரு அடியும் உழைக்காமல் வரும் அடி. கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்படும்போது அந்த ஓர் அடியில்தான் ஆட்டமே இருக்கிறது.

சட்டம் தெரிந்தவனைத் திட்டுவது பேஸ்பாலுக்கும் புதிதல்ல. 1908-இல் சிகாகோ கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் செய்தது அப்படியே அஸ்வினின் கதை. கடைசி இன்னிங்ஸில் வெற்றி அடி விழுந்ததும், முதல் பேஸில் இருக்கும் ரன்னர் இரண்டாவது பேஸைத் தொடாமல் மைதானத்தை விட்டு ஓடுவது அன்றைய வழக்கம். விதிப்படி அவர் தொட்டாக வேண்டும். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட் என்ற நிலையில், அவர் தொடுவதற்கு முன் எதிரணி பந்தோடு அந்தப் பேஸைத் தொட்டுவிட்டால் ரன்னே செல்லாது. செப்டம்பர் 4-இல் பிட்ஸ்பர்க்கில் எவர்ஸ் இதைச் சொல்லி அப்பீல் செய்தார். தான் பார்க்கவில்லை என்று நடுவர் ஹாங்க் ஓ'டே மறுத்துவிட்டார். செப்டம்பர் 23-இல் நியூயார்க்கில் அதே நடுவர், அதே எவர்ஸ். நியூயார்க் அணியின் 19 வயது ஃப்ரெட் மெர்க்கிள் வழக்கப்படி இரண்டாவது பேஸைத் தொடாமல் திரும்பி ஓடினார். இம்முறை ஓ'டே பார்த்திருந்தார், அவுட் கொடுத்தார். 1-1 என்று ஆட்டம் சமன் ஆனது, அக்டோபர் 8-இல் மறுபடி ஆடப்பட்டு கப்ஸ் வென்றது. மெர்க்கிள் சாகும்வரை அதற்கான வசவைச் சுமந்தார். அந்தப் பையனுக்காக எனக்கு வருத்தம் உண்டு, அவனுக்கு முன் எல்லாரும் அப்படித்தான் ஓடினார்கள். ஆனால் ஓ'டே செய்ததில் பிழை காண மாட்டேன். முதல் முறை பார்க்காததைக் கொடுக்கவில்லை, இரண்டாம் முறை பார்த்ததை மறைக்கவில்லை.

அப்படியானால் எழுத்து மட்டும்தான் நடுவருக்கு வேதமா? இல்லை. 1983 ஜூலை 24-இல் நியூயார்க்கில் கன்சாஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் ஹோம் ரன் அடித்து அணியை 5-4 என்று முன்னுக்குக் கொண்டுவந்தார். மட்டையில் பிடிமானத்துக்குப் பூசும் பைன் தார் 18 அங்குலத்தைத் தாண்டிவிட்டது என்று எதிரணி மேலாளர் பில்லி மார்ட்டின் முறையிட்டார். நடுவர் அளந்து பார்த்து அவுட் கொடுத்தார், ஆட்டம் முடிந்தது. லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் அந்த முடிவை மாற்றினார். தார் பூசியதால் பந்து ஒரு அடிகூடக் கூடுதலாகப் பறக்காது, விதியின் நோக்கம் ஹோம் ரன்னைப் பறிப்பதல்ல என்பது அவர் வாதம். ஆகஸ்ட் 18-இல் மீதி ஆட்டம் ஆடப்பட்டு 5-4 நிலைத்தது. மெக்ஃபெயில் தேடியது அந்த விதி எதைக் காக்க எழுதப்பட்டது என்பதை. கிரிக்கெட்டில் 'ஆட்டத்தின் உணர்வு' என்று சொல்கிறவர்கள் அதைத் தேடுவதில்லை, யார் பண்பானவர் என்று பார்க்கிறார்கள். ரன்னர் எண்டு விதி எதைக் காக்கிறது? ஓட்டத்தின் தூரத்தை. 22 கஜத்தை 21 ஆக்கிக்கொள்பவரிடமிருந்து காக்கிறது. மெக்ஃபெயிலின் அளவுகோலை வைத்தாலும் தீர்ப்பு பவுலர் பக்கம்தான்.

விதியில் ஓட்டை இருந்தால் அதையும் அஸ்வின்தான் முதலில் கண்டுபிடிப்பார் என்பதற்கு நம் ஊர் உதாரணமே உண்டு. 2023 ஜூன் 14, கோவை, டி.என்.பி.எல். திண்டுக்கல் அணிக்காக அஸ்வின் வீசிய பந்தில் திருச்சியின் ராஜ்குமாருக்குக் கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுத்தார் கள நடுவர். ராஜ்குமார் ரிவியூ கேட்டார். மட்டை தரையில் பட்ட சத்தம்தான் என்று மூன்றாம் நடுவர் நாட் அவுட் ஆக்கினார். உடனே அஸ்வின் அதே பந்துக்கு, மாறிய அந்த முடிவின் மேல், இன்னொரு ரிவியூ கேட்டார். அதையும் ஏற்றுப் பார்த்தார்கள், முடிவு மாறவில்லை. இங்கே நான் அஸ்வின் பக்கம் இல்லை. மறுபரிசீலனைக்கு மறுபரிசீலனை என்றால் முடிவு என்ற ஒன்றே இருக்காது. அதே மூன்றாம் நடுவரிடம் அதே படங்களைக் காட்டி வேறு பதில் கேட்க முடியாது. ஆனாலும் கேட்டது தப்பில்லை. அப்படி ஒரு கோரிக்கையை ஏற்கலாமா என்று அந்த இடத்திலேயே நடுவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிப்பட்டு மணலில் மூன்றாம் நடுவர் இல்லை, கேமரா இல்லை. எனவே இங்கே ஆட்டம் நடத்துகிறவர்களிடம் கேட்பது மூன்று காரியம். நடுவர்களை ஆடும் அணிகளிலிருந்து எடுக்காதீர்கள், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணியிலிருந்து நிறுத்துங்கள். நகரி அணிக்கும் நமக்கும் வழக்கம் வேறு என்பதால் டாஸ் போடும்போதே ரன்னர் எண்டு அவுட் செல்லும், எச்சரிக்கை தேவையில்லை, பவுலரின் கை உச்சியைத் தொட்ட பின் தட்டினால் செல்லாது என்று இரண்டு கேப்டன்களுக்கும் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிவிடுங்கள். பவுலர் ஓடி வரும்போது நடுவர் தன் கண்ணைக் கிரீஸிலேயே வைத்திருக்கட்டும். கை உச்சிக்குப் போகும் முன் பெயில்ஸ் விழுந்து, ரன்னரின் மட்டையும் காலும் கோட்டுக்கு வெளியே இருந்தால் விரலைத் தூக்கலாம். அதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்றால் நாட் அவுட். பிட்ஸ்பர்க்கில் ஓ'டே செய்ததும் அதுதான்.