காசும் கேஷும்

'கேஷ்' என்ற இங்கிலீஷ் வார்த்தை நம்முடைய 'காசு'தான் என்று பெருமையோடு சொல்லும் தமிழ் அபிமானிகள் பலர். சொல்லாராய்ச்சி என்ற பெயரில் வரும் கட்டுரைகளில் இதற்கு எப்போதும் முதல் ஆசனம். ஓசை ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. ஆனால் வார்த்தைகளுக்கு ஜாதகம் கணிக்கக் காது மட்டும் போதாது என்பது என் கட்சி.

கடைக்காரர் கேட்கிற 'கேஷ்', லத்தீனில் 'காப்ஸா'வாகப் பிறந்தது. பெட்டி என்று அர்த்தம். பிரான்ஸ், இத்தாலி வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்த பிறகு, பணப்பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்கிறோமே, அதுதான். இதில் தமிழுக்குப் பங்கில்லை.

அபிமானி தோற்றுவிட்டார் என்று எண்ண வேண்டாம். இங்கிலீஷில் இன்னொரு 'கேஷ்' உண்டு. கிழக்கு நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர் அது. நம் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் 'காசு' என்று கேட்டதைத் தங்கள் வாய்க்குத் தக்கபடி 'காய்ஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் 'காய்ஷா' என்றால் பெட்டி. அதே காப்ஸாவின் வம்சம்! பழகாத வார்த்தை பழகிய வார்த்தையின் சட்டையைப் போட்டுக்கொண்டது. இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தபோது இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. 1818-ல் ரூபாய்க் கணக்கு வரும்வரை சென்னையில் கும்பெனியார் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கெழுதினார்கள். சீனர் 'வென்' என்று சொன்ன சதுரத் துளை நாணயமும் வெள்ளைக்காரர் புஸ்தகங்களில் 'கேஷ்' ஆயிற்று. அந்தக் காசுக்கே வடமொழிக் 'கர்ஷ'த்தை மூலமாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

'ஒன்று', 'ஒன்' என்ற ஜோடியும் இப்படித்தான் நம்மை மயக்குகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் அது 'ஆன்'. வகர ஓசை பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் ம்பபரம் என்ற ஆதிகுடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'! 1960-களில் அதை ஆராய்ந்த டிக்ஸன் இங்கிலீஷ் உறவு கொண்டாடவில்லை. அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டு, 'குடாக' என்ற பழைய வடிவம் தேய்ந்தே அப்படி ஆயிற்று என்று காட்டினார்.

இதிலிருந்து எனக்குத் தெரிகிற விதி ஒன்றுதான். மெய்யான உறவு, பின்னோக்கிப் போகப் போக நெருங்கும். பொய்யான உறவு விலகும். இன்றைய உருவத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் பேசக் கூடாது.

மொழிப் பற்று இருந்தால் போதாதா, இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். பற்று இருப்பதனால்தான் கேட்கிறேன். செல்லுகிற காசோடு செல்லாத காசையும் சேர்த்து நீட்டினால், வாங்குகிறவன் நல்ல காசையும் சுண்டிப் பார்ப்பான்.